கோழிக்கூண்டு பாரதி

ஜெயபாரதி என்று கேட்டால் அந்தக் கம்பெனியில் பாதிப் பேருக்குத் தெரியாது. கோழிக்கூண்டு பாரதி என்று கேட்டால் கேண்டீனில் டீ ஆற்றுகிறவன்கூட வாசல் கேட்டுப் பக்கம் கை காட்டுவான்.

கேட்டுக்கு வெளியே, சுவரை ஒட்டி ஒரு தகரக் கூரை. அதன் கீழே ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அலமாரி. அலமாரி நிறையச் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், முன்னால் கம்பி வலை. காலையில் வேலைக்கு வருகிற தையல்காரர்கள், செக்கிங் பெண்கள், அயர்ன் ஆட்கள் எல்லோரும் தங்கள் போனை அணைத்து பாரதியிடம் கொடுத்துவிட்டு, நம்பர் போட்ட பிளாஸ்டிக் வில்லை ஒன்றை வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். சாயங்காலம் வில்லையைக் கொடுத்தால் போன் கிடைக்கும். அணைக்கச் சொன்னால் யார் அணைக்கிறார்கள். நாள் முழுக்க வலைக்குப் பின்னால் ஒன்று பாடும், ஒன்று உறுமும், ஒன்று குலுங்கிக் குலுங்கி அறையின் ஓரத்துக்கே வந்துவிடும். பல்லடம் ரோட்டில் லாரியில் அடுக்கிக்கொண்டு போகும் பிராய்லர் கோழிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பேர் ஏன் வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பேரை வைத்தவன் ஒரு திருநெல்வேலிக்காரத் தையல்காரன். அவன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். பேர் போகவில்லை.

கூண்டு வந்ததற்கு ஒரு கல்யாணச் சாப்பாடுதான் காரணம். முதலாளி ஆறுமுகசாமி பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை இலையில் வழித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து இலைக்காரர் போனை நீட்டி, "ஏனுங்க, இது உங்க கம்பெனிதானுங்களே?" என்று கேட்டார். பார்த்தால், கட்டுக் கட்டாக வெட்டி வைத்த துணி மேல் ஏறி நின்று இரண்டு பெண்கள் ஆடுகிறார்கள். ஊரே பார்த்து லைக் போட்டிருக்கிறது. ஆறுமுகசாமி மோர் சாதம்கூட வாங்காமல் எழுந்துவிட்டார். அடுத்த வாரமே அலமாரி வந்து இறங்கியது.

அதைக் காக்க பாரதியைப் போட்டார்கள். அவள் அவிநாசிப் பக்கம் தறிக்காரர் வீட்டுப் பெண். கல்யாணமாகித் திருப்பூர் வந்த நாள் முதல் செக்கிங் மேசையில் நின்றவள். பிசிறு வெட்டி வெட்டிக் கழுத்து எலும்பு தேய்ந்துபோய், இனி குனிந்து வேலை செய்யக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை, கேட்டில் உட்கார வைத்தார். அதற்காக அவள் அவரைக் கும்பிட்டாள். கும்பிடத்தான் வேண்டும். புருஷன் குகன் அதே கம்பெனியில் அயர்ன் டேபிளில் நிற்கிறான். குடியிருப்பது கம்பெனிக்குப் பின்னால் முதலாளி கட்டிவிட்ட லைன் வீட்டில். மகள் நித்யஸ்ரீ பள்ளிக்கூடம் போவது முதலாளி பேத்தி போகிற வேனில், பின் சீட்டில். நாலு பக்கமும் ஒரே மனுஷரின் சுவர். உள்ளே இருக்கிறவரைக்கும் அது பாதுகாப்பாகத்தான் தெரிந்தது.

முதலாளியின் அம்மா பொன்னாத்தாள். எல்லோருக்கும் பெரியாத்தா. புது ஆர்டருக்குத் தைக்கிற முதல் உருப்படியை அவர் கண்ணில் காட்டாமல் அந்தக் கம்பெனியில் இரண்டாவது உருப்படி தைக்க முடியாது. ஆபீஸ் அறையில் பழனி முருகன் படத்துக்கு முன்னால் அதை ஹேங்கரில் மாட்டி, உள்பக்க லேபிளில் மஞ்சள் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, சூடம் காட்டினால்தான் தையல் லைன் ஓடும். வெளிநாட்டுக்காரர்கள் எந்த ஊரில் உட்கார்ந்து வாங்கினாலும் சரி, அவர்கள் பிள்ளைகள் போடும் சட்டைக்கு முருகன் கையெழுத்து போட்டாக வேண்டும்.

அந்தத் தடவை வந்தது குழந்தைகள் இரவில் போடும் அங்கி. நீலத் துணியில் முயல் ஒன்று நிலாவைக் கட்டிப்பிடித்துத் தூங்கும். விளக்கை அணைத்தால் நிலா மட்டும் மினுங்கும். அழகான உருப்படி. அடுத்த வருஷம் கடைக்கு வரும்வரை ஒருத்தர் கண்ணிலும் படக்கூடாது என்று பையர், அதாவது சரக்கை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, எழுதி வாங்கியிருந்தார்கள்.

பெரியாத்தாவுக்கு இதெல்லாம் தெரியாது. பேரன் வாங்கிக் கொடுத்த பெரிய போன் இருந்தது. எழுத்து தெரியாது. வாயில் சொன்னால் போனே எழுதிக்கொள்ளும் வித்தை மட்டும் தெரியும். சூடத் தட்டைப் பிடிக்க பாரதியைக் கேட்டிலிருந்து கூப்பிட்டார்கள். பூஜை முடிந்ததும் பெரியாத்தா ஒரு படம் எடுத்தார். "புது ஆர்டர், முருகன் துணை" என்று போனுக்குள் சத்தமாகச் சொன்னார். அப்புறம் கண்ணாடியைத் தேடினார். கிடைக்கவில்லை.

"பாரதி, இத அந்த பேஸ்புக்குல உடோணும். எங்க அமுக்கறதுன்னு தெரியல. நீ அமுக்கி உடு அம்மணி."

பாரதி அமுக்கினாள்.

ஊர் முழுக்க போனைப் பிடுங்கி வைக்கிறவள், நீட்டிய போனை வாங்கி, நீலப் பட்டனில் ஆள்காட்டி விரலை வைத்து அமுக்கினாள். யோசிக்கவில்லை. பெரியாத்தா தண்ணீர் கேட்டால் கொடுப்பது மாதிரி.

கொஞ்ச நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பையரிடமிருந்து மெயில் வந்தது. முயல் படம் கை மாறிக் கை மாறி, போட்டவர் பேர் இல்லாமல், அவர்கள் ஊர்க் கம்ப்யூட்டரில் போய் நின்றிருக்கிறது. படத்தில் பெரியாத்தா இல்லை, முருகன் இல்லை. அங்கியும் தட்டின் ஓரமும் எரியும் சூடமும்தான். அவர்கள் இரண்டு கேள்வி கேட்டிருந்தார்கள். தையல் கூடத்துக்குள் போன் கொண்டுபோன தொழிலாளி யார். துணிக்குப் பக்கத்தில் தீ ஏன் எரிகிறது. இரண்டுக்கும் நடவடிக்கை எடுத்துக் காட்டாவிட்டால் ஆர்டர் வேறு ஊருக்குப் போகும்.

மேனேஜர் தரணீதரன் கோயமுத்தூரில் படித்து வந்த பையன், ஆள் எடுப்பதும் நிறுத்துவதும் அவன் வேலை. அவன் வந்து பாரதியை ஆபீசுக்குக் கூட்டிப்போனான். ஆறுமுகசாமி நாற்காலியைக் காட்டினார்.

"உக்காரு அம்மணி."

"பரவால்லீங்க."

"அட, உக்காருங்கறேன்."

அந்த அறையில் தொழிலாளியை உட்காரச் சொன்னால் நல்லதுக்கில்லை என்று எல்லோருக்கும் தெரியும். பாரதி நுனியில் உட்கார்ந்தாள்.

"ஒரு ஆளு பேரு வேணுங்க்கா," என்றான் தரணீதரன். "போன் ஒளிச்சுக் கொண்டு போனாங்க, கண்டுபிடிச்சோம், வேலைய உட்டு நிறுத்திட்டோம்னு படத்தோட அனுப்போணும். பையரு அதைத்தான் கேக்கறாங்க."

"எல்லாப் போனும் கூண்டுலதானுங்க இருந்துச்சு."

"இருந்துச்சு," என்றார் ஆறுமுகசாமி. குரலை உயர்த்தவே இல்லை. அந்த மனுஷர் யாரையும் திட்டமாட்டார். திட்டினால்தான் பதில் பேசலாமே. "நீ காவல் இருக்கையில எப்படிங்க போகும். ஆனா அப்படி எழுதுனா, அப்ப ஆபீசுல இருந்துதான் போச்சான்னு கேப்பாங்க. கேப்பாங்களா, மாட்டாங்களா?"

பாரதி முருகன் படத்தைப் பார்த்தாள். அவர் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"யாரையும் கெடுக்கச் சொல்லல. ஒரே ஒரு பேரு. நாளைக்குச் சொல்லு, போதும்."

வெளியே வந்தால் போர்ட்டிகோவில் பெரியாத்தா உட்கார்ந்து வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார்.

"ஏம் பாரதி, என்னமோ நான் போட்டேன்னு சொல்றாங்களாமா? எனக்கு எழுத்துத் தெரியுமா, ஒண்ணா? நீதான அமுக்குன."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. குழம்பில் உப்பில்லை என்பது மாதிரி, உள்ளதைச் சொன்னார்.  உண்மையைச் சொல்லலாம் என்று ஒரு வழி வைத்திருந்தாளே, அந்த வழியில் போனால் முதலில் மாட்டுவது அவள் விரல்.

சாயங்காலம் குகன் வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றியபடியே கேட்டான்.

"உன்ற விரல வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாமில்ல?"

"பெரியாத்தா நீட்டுனா முடியாதுன்னு நீங்க சொல்லுவீங்களா? பாலியஸ்டர் சுருங்கிப்போகும்னு தெரிஞ்சும், நீராவி உடச் சொன்னா சரீங்கம்மான்னு உடறவரு."

குகன் சட்டையை ஆணியில் மாட்டினான். வீட்டைச் சுற்றிப் பார்த்தான். சுவர், அலமாரி, நித்யஸ்ரீயின் பள்ளிக்கூடப் பை. எல்லாவற்றையும் வேறு ஊரில் இறக்கி வைத்துப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"ஊருக்குப் போனவளுக யாராச்சும் பேரச் சொல்லிப்புடு," என்றான் கடைசியில். "திரும்பி வராதவளுக்கு என்ன வந்துது? அவ படத்த இங்க மாட்டுனா அவளுக்கு அங்க தலவலி வந்துருமா?"

ஆஷா என்று ஒரு ஒடிசாப் பெண். செக்கிங்கில் இருந்தவள். வாயைத் திறந்தால் கடைவாய்ப் பல் தெரியச் சிரிப்பாள். கண்ணாடி விரிசல் விட்ட போனில் ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருப்பாள். காலையில் அதை நீட்டி, "அக்கா, என் கோழிக்குத் தண்ணி காட்டு," என்பாள். ஓர அறைதான் வேண்டும், கோழிக்குக் காற்று வேண்டும் என்பாள். பாரதிக்குக் கேட்டில் சிரிப்பு வந்தது என்றால் அவளால்தான் வந்திருக்கும். அந்தப் பூஜைக்கு அப்புறம்தான் தன் கல்யாணத்துக்கென்று ஊருக்குப் போனாள். கல்யாணம் முடிந்த பெண்கள் திரும்புவதில்லை என்று கம்பெனி ஹாஸ்டலில் எல்லோரும் சொன்னார்கள்.

மறுநாள் ஆபீசில் பாரதி அந்தப் பேரைச் சொன்னாள்.

"நல்ல பேரு," என்றான் தரணீதரன். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு போர்டு உண்டு. மாதத்துக்கு ஒருமுறை நல்லா வேலை பார்த்த தொழிலாளியின் படத்தை அதில் மாட்டுவார்கள். அதே போர்டில் ஆஷாவின் படம் ஏறியது. கீழே தமிழிலும் இங்கிலீஷிலும் நாலு வரி. போர்டைப் போட்டோ எடுத்துப் பையருக்கு அனுப்பினார்கள். சூடத்துக்குப் பதில் பேட்டரி விளக்கு வாங்கி வைத்து அதையும் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். ஆர்டர் தப்பித்தது.

பாரதி கையில் ஒரு கருப்புத் தடியைக் கொடுத்தார்கள். உடம்பில் தடவினால் ஒளித்து வைத்த போனுக்குக் கீச்சென்று கத்தும். கூட வேலை பார்த்த பெண்கள் காலையில் கையைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் வரிசையில் நின்றார்கள்.

"கொண்டையில ஒண்ணு இருக்குதுக்கா. அவுத்துப் பாக்கறீங்களா?"

"எனக்குக் கடவாப்பல்லுல. ஆவ்னு காட்டட்டுமா?"

பாரதி தடவிவிட்டு, "போங்க, போங்க," என்பாள். மதியம் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். கூண்டுக்கு முதுகைக் காட்டிச் சாப்பிடுவாள். பின்னால் யார் யார் வீட்டுப் போனோ கதறிக்கொண்டிருக்கும். எடுக்க அவளுக்கு அனுமதி கிடையாது. எழுந்து போகவும் கிடையாது.

பொங்கல் முடிந்து ஒரு திங்கட்கிழமை காலை, மஞ்சள் சேலையும் கை நிறைய வளையலுமாக ஆஷா வந்து நின்றாள். பக்கத்தில் ஒல்லியாக ஒருத்தன், புருஷன். கையில் பலகாரப் பெட்டி.

"அக்கா. கோழி வந்திருச்சு."

பாரதி எழுந்தாள். அவள் பேசுவதற்குள் ஆஷா போர்டைப் பார்த்துவிட்டாள். அவளுக்குத் தமிழும் படிக்கத் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. அந்தப் போர்டில் யார் படம் ஏறும் என்று மட்டும் தெரியும். வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புருஷனை இழுத்துவந்து காட்டி, அவர்கள் பாஷையில் என்னவோ படபடவென்று சொன்னாள். அவன் அந்தப் படத்தைச் சாமி படத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான். பிறகு அவளைப் படத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, போனைத் தூக்கி, க்ளிக். அங்கேயே நின்று பேஸ்புக்கில் போட்டுவிட்டான்.

வாட்ச்மேன் செங்கோட்டையன் ஸ்டூலை விட்டு எழுந்தார். பாரதியைப் பார்த்தார். நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்கிற பார்வை.

"இப்ப ஆளு எடுக்கலயாமா, ஆஷா," என்றாள் பாரதி. "வேற கம்பெனி பாரு. அவிநாசி ரோட்டுல நெறைய இருக்குது."

"பெஸ்ட் ஒர்க்கர், ஆளு வேண்டாமா?" ஆஷா சிரித்தாள். "சரி அக்கா. நீ ஸ்வீட்டு சாப்புடு."

பலகாரப் பெட்டியை மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பாரதி அதைத் திறக்கவில்லை. அன்று முழுக்க அது அங்கேயே இருந்தது, எறும்பு வந்தது.

ஆள்காரர்கள், அதாவது கம்பெனிகளில் ஆள் எடுக்கும் மேனேஜர்கள், எல்லோரும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறார்கள். யாரைச் சேர்க்கக்கூடாது என்று அதில் போட்டுக்கொள்வார்கள். தரணீதரன் ஆஷாவின் படத்தை எப்போதோ அதில் போட்டிருந்தான். பாரதிக்கு இது தெரியாது. அன்று மதியம் டீ குடிக்க வந்த செங்கோட்டையன்தான் சொன்னார்.

"அந்தப் புள்ளைய எவனும் சேக்கமாட்டான் பாரதி. அவ மொகம் ஊரு பூராப் போயிருச்சு. புருசனும் பொண்டாட்டியும் கம்பெனி கம்பெனியா ஏறி எறங்க வேண்டியதுதான்."

"இங்க படம் மாட்டறதோட முடிஞ்சுதுன்னு இருந்தனுங்க."

"எதுதாங்க அதோட முடியுது."

சாயங்காலம் மணி அடித்து, எல்லோரும் வில்லையை நீட்டிக்கொண்டு கூண்டுக்கு முன்னால் முட்டி மோதிக்கொண்டிருந்தபோது ஆஷா திரும்பி வந்தாள். காலில் செருப்பு அறுந்திருந்தது. புருஷன் முகம் வேறு மாதிரி இருந்தது. பேஸ்புக்கில் படத்தைப் பார்த்த யாரோ, தமிழ் படிக்கத் தெரிந்தவன், கீழே சிரித்து எழுதியிருந்தான். இன்னொருவன் அதை ஹிந்தியில் மாற்றிப் போட்டிருந்தான்.

ஆஷா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசைக்கு வந்தாள். கத்தவில்லை.

"அக்கா, அந்த போர்டு. நீ படி."

"ஆஷா, இங்க வேண்டாம். அப்புறமா ஊட்டுப் பக்கம் வா."

"எனக்கு படிப்பு இல்ல. உனக்கு இருக்கு. படி."

கூட்டத்தில் சத்தம் குறைந்தது. புருஷன் போனை எடுத்து பாரதியின் முகத்துக்கு நேராகப் பிடித்தான். தலைக்கு மேலே கம்பெனி கேமரா. முன்னால் இவன் கேமரா. பின்னால் கூண்டு. போனைப் பார்த்ததும் பழக்கத்தில் அவள் கை தானாக நீண்டது, பிடுங்க. பாதியில் நின்றது.

அவள் போர்டைத் திரும்பிப் பார்த்துப் படித்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இந்தத் தொழிலாளி, விதியை மீறி, கைபேசியை உள்ளே எடுத்துச் சென்று, படம் வெளியிட்டதால், பணி நீக்கம் செய்யப்பட்டார். இவருக்கு உள்ளே அனுமதி இல்லை."

செக்கிங் பெண் ஒருத்தி அதை ஹிந்தியில் சொன்னாள். ஆஷா கேட்டுக்கொண்டு நின்றாள்.

"நான் செஞ்சேனா அக்கா? என் கோழி உன் கூண்டுல இல்லயா?"

நாலு பக்கமும் ஒரே மனுஷரின் சுவர் என்று சொன்னோமே, பாரதிக்கு அந்த நேரத்தில் அது ஒவ்வொன்றாகக் கண்ணில் வந்தது. அயர்ன் டேபிள். லைன் வீடு. வேனின் பின் சீட்டு. வரிசையின் கடைசியில் குகன் நின்றுகொண்டிருந்தான். வேண்டாம் என்று தலையை ஆட்டினான், கொஞ்சமாக, பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாதபடி.

"நீ செய்யல," என்றாள் பாரதி. "போட்டா எடுத்தது ஆபீசுல. போட்டு உட்டது என்ற விரலு. ஒரு பேரு வேணும்னாங்க. நீ வரமாட்டேன்னு நெனச்சு உன்ற பேரச் சொன்னேன். உன்ற புருசன் என்னயும் எடுத்துக்கிட்டாருல்ல, அதப் போடச் சொல்லு."

ஆஷா காலையில் வைத்த பலகாரப் பெட்டியை எறும்போடு எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மறுநாளுக்குள் அந்த வீடியோவைப் பார்க்காத ஹாஸ்டல் இல்லை. தரணீதரன் குரூப்பிலிருந்து ஆஷாவின் படத்தை எடுக்க வேண்டி வந்தது. சிரித்துக்கொண்டே ஒரு மன்னிப்பும் போட்டான். திருமுருகன்பூண்டிப் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் அவளையும் புருஷனையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று கேள்வி. பாரதியைப் பார்க்க அவள் வரவில்லை. ஏன் வர வேண்டும்.

பாரதி துணிமணியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் ஆபீசுக்குப் போனாள். ஆறுமுகசாமி மறுபடி உட்காரச் சொன்னார்.

"எங்க போறதுக்கு மூட்ட கட்டுன?"

"நீங்க போகச் சொல்லுவீங்கன்னுதானுங்க."

"நான் எதுக்கு உன்னப் போகச் சொல்றேன். வெளிய போனா நாலு பேரு நாலு கேப்பாங்க. ஆபீசுல எடுத்ததுன்னா யாரு எடுத்தாங்கன்னு கேப்பாங்க. நீயும் சொல்ல வேண்டி வரும். அம்மாவுக்கு வயசாச்சு. நீ இங்கயே இரு அம்மணி. ஊடு இருக்குது, வேன் இருக்குது. பையருக்கு மட்டும் வேற ஒரு படம் மாட்டிக் காட்டோணும்."

பாரதி வீட்டுக்குப் போய் மூட்டையை அவிழ்த்தாள். வேலையை விட்டு விரட்டியிருந்தால் அழுதுகொண்டாவது அவிநாசி பஸ் ஏறியிருப்பாள்.

இப்போது போய்ப் பார்த்தால் போர்டில் ஜெயபாரதியின் படம் இருக்கும். இவருக்கு உள்ளே அனுமதி இல்லை என்று கீழே எழுதியிருக்கும். அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே ஜெயபாரதி உட்கார்ந்து போன் வாங்கிக்கொண்டிருப்பாள். கேட்டுக்கு வெளியேதானே மேசை, எழுதினதில் ஒரு தப்பும் இல்லை. பீகாரிலிருந்து புதிதாக வருகிற பெண்கள் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, கட்டை விரலைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பார்கள். அவள் வில்லையை எடுத்துக் கொடுப்பாள்.

போன வாரம் பெரியாத்தா காரிலிருந்து இறங்கி நேராக மேசைக்கு வந்தார். கொள்ளுப்பேத்திக்குக் காது குத்தின படம், பேஸ்புக்கில் போட வேண்டுமாம். கண்ணாடியைக் காணோமாம்.

"எங்க அமுக்கறதுன்னு தெரியல பாரதி. நீ அமுக்கி உடு அம்மணி."

பாரதி இரண்டு கையையும் மேசைக்கு அடியில் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்க விரலு உங்க கையிலதானுங்க இருக்குது. நீங்களே அமுக்குங்க."

பெரியாத்தா அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு வெயிலில் நின்றபடியே கண்ணைச் சுருக்கிக்கொண்டு, போனின் அங்கேயும் இங்கேயும் குத்திக்கொண்டிருந்தார். பாரதி உதவி செய்யவில்லை. எழுந்தும் போகவில்லை. பின்னால் கூண்டில் ஒரு போன் குலுங்கிக் குலுங்கி ஓரத்துக்கு வந்து, வலையில் முட்டி நின்றது.